ஆறும் ஏழும்: ஜார்ஜ் ஹாரிசனைக் கேளாமல் வந்த இசைத்தட்டு

1976 நவம்பரில் அமெரிக்க இசைத்தட்டுக் கடைகளில் ஜார்ஜ் ஹாரிசன் பெயரில் இரண்டு புதிய எல்பிக்கள் வந்து இறங்கின. ஒன்று 'தர்ட்டி த்ரீ அண்ட் எ தேர்ட்'. கல்லீரல் அழற்சியில் படுத்து எழுந்து, சொந்த வீட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, தன் சொந்த நிறுவனமான டார்க் ஹார்ஸுக்காக அவர் முதன்முதலாகச் செய்து முடித்த ஆல்பம். விற்பனைப் பொறுப்பு வார்னர் பிரதர்ஸுடையது. மற்றொன்று 'தி பெஸ்ட் ஆஃப் ஜார்ஜ் ஹாரிசன்'. அதை வெளியிட்டது கேபிட்டல். ஜனவரியிலேயே அவர் விட்டு விலகி வந்த நிறுவனம் அது.

பழைய கம்பெனி முந்திக்கொண்டது. அதன் தொகுப்பு நவம்பர் 8ஆம் தேதியே வெளிவந்துவிட்டது. புதிய ஆல்பம் அதே மாதத்தின் பிற்பாதியில்தான் வந்தது. புதிய பாடல்களைச் சொல்லி விற்க ஹாரிசன் ஊர் ஊராகப் போய்ப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தபோது, பழைய பாடல்களோடு அவருடைய முகமே கடையில் அவருக்குப் போட்டியாக நின்றது.

போட்டி மட்டும் என்றால் இவ்வளவு தூரம் எழுத வேண்டியதில்லை. பழைய நிறுவனங்கள் இப்படி நேரம் பார்த்து அடிப்பது அந்தத் தொழிலில் வழக்கம்தான். உறுத்துவது இசைத்தட்டுக்குள் இருந்த பட்டியல். மொத்தம் 13 பாடல்கள். இரண்டாம் பக்கத்தில் ஹாரிசன் தனியாகப் பாடிய ஆறு. முதல் பக்கம் முழுக்க, ஏழுக்கு ஏழும், அவர் முன்பு இருந்த பீட்டில்ஸ் குழுவின் ஒலிப்பதிவுகள்.

அந்த ஏழும் அவர் எழுதிப் பாடியவைதான், மறுப்பில்லை. 'சம்திங்', 'இஃப் ஐ நீடட் சம்ஒன்', 'ஹியர் கம்ஸ் த சன்', 'டாக்ஸ்மேன்', 'திங்க் ஃபார் யுவர்செல்ஃப்', 'ஃபார் யூ ப்ளூ', 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்'. ஊசியை வைத்துவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராத பக்கம் அது. 'சம்திங்' பாட்டில் பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிட்டார் குரலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு மெட்டாக நடந்து வரும். கடைசிப் பாட்டில் எரிக் கிளாப்டனின் கிட்டார் அழும். கேட்பவருக்கு ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம், அவற்றை அந்த இடத்தில் வைத்ததால் எழுந்த பொருளில்தான் இருக்கிறது.

ஓராண்டுக்கு முன்னால், 1975இல், இதே நிறுவனம் அந்தக் குழுவின் வேறு இருவருக்கும் தொகுப்பு போட்டிருந்தது. ஜான் லென்னனுக்கு 'ஷேவ்டு ஃபிஷ்'. ரிங்கோ ஸ்டாருக்கு 'ப்ளாஸ்ட் ஃப்ரம் யுவர் பாஸ்ட்'. இரண்டிலும் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. டிரம்ஸ் வாசித்த ரிங்கோவே தன் தனிப் பாடல்களை வைத்து ஓர் எல்பியை நிரப்ப முடிந்தது. ஹாரிசனால் முடியாதா? 1970இல் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' என்று மூன்று தட்டுகள் கொண்ட ஆல்பம் போட்டு, அமெரிக்காவில் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றவர் அவர். குழு பிரிந்த பிறகு நால்வரில் முதலில் 'நம்பர் ஒன்' சிங்கிள் கொடுத்தவரும் அவரே. அது 'மை ஸ்வீட் லார்ட்'. 1973இல் 'கிவ் மீ லவ்' மறுபடி முதலிடம் பிடித்தபோது அது கீழே தள்ளியது மெக்கார்ட்னியின் 'மை லவ்' பாட்டை.

இந்தக் காயம் எவ்வளவு பழையது என்று தெரிந்தால்தான் அந்த ஏழு பாட்டின் எடை புரியும். பீட்டில்ஸ் குழுவில் ஓர் ஆல்பத்துக்கு ஹாரிசனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ இடம்தான். 'ரிவால்வர்' ஆல்பத்தில் மூன்று கிடைத்ததே அதிசயம். மிச்சமெல்லாம் லென்னன் மெக்கார்ட்னிக்கு. எழுதிய பாட்டிலும் முழு உரிமை இல்லை. அவற்றை வைத்திருந்த நார்தர்ன் சாங்ஸ் 1965இல் பங்குச் சந்தைக்குப் போனபோது லென்னனுக்கும் மெக்கார்ட்னிக்கும் தலா 15 சதவீதம். ஹாரிசனுக்கு ஒரு சதவீதம்கூட இல்லை, 0.8. 'டாக்ஸ்மேன்', 'திங்க் ஃபார் யுவர்செல்ஃப்', 'இஃப் ஐ நீடட் சம்ஒன்' மூன்றும் அந்தக் கணக்கில் எழுதப்பட்ட பாடல்கள். அந்த ஒப்பந்தம் 1968இல் முடிந்த பிறகுதான் அவருடைய பாடல்கள் அவருடைய சொந்த நிறுவனமான ஹாரிசாங்ஸுக்கு வந்தன. ஒரு பீட்டில்ஸ் சிங்கிளின் முதல் பக்கத்தில் அவர் பாட்டு இடம்பெற 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுதான் 'சம்திங்'.

ஆகவே குழு கலைந்தபோது மற்ற மூவருக்கும் ஏதோ ஒன்று முடிந்தது என்றால், ஹாரிசனுக்கு ஏதோ ஒன்று தொடங்கியது. இடம் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்த பாடல்கள்தான் அந்த மூன்று தட்டு ஆல்பமாக வெளியே கொட்டின. அப்படிப்பட்டவரிடம், உன் சிறந்ததில் பாதிக்கு மேல் நீ அந்த வீட்டில் இருந்தபோது செய்ததுதான் என்று பழைய நிறுவனம் அச்சடித்துச் சொன்னது. 'தி பெஸ்ட் ஆஃப்' என்ற சொற்கள் அட்டையில் இருக்கும்போது ஏழுக்கு ஆறு என்பது வெறும் கணக்கில்லை, தீர்ப்பு. அதுவும் அவருடைய பெயரில், அவரே ஒப்புக்கொண்டதுபோல.

அவருக்கு விருப்பமில்லை என்பது நிறுவனத்துக்குத் தெரியும். தான் விரும்பும் பட்டியலையும் தலைப்பையும் அவர் சொல்லித்தான் பார்த்தார். நிறுவனம் எடுத்துக்கொள்ளவில்லை. தனியாகச் செய்த பாடல்கள் இத்தனை இருக்கும்போது பீட்டில்ஸ் பாடல்களை ஏன் இழுக்க வேண்டும் என்று அந்த நவம்பர் பேட்டிகளில் வெளிப்படையாகவே கேட்டார்.

சட்டம் நிறுவனத்தின் பக்கம் இருந்தது. பீட்டில்ஸ் நால்வரும் 1967 ஜனவரி 27ஆம் தேதி ஈஎம்ஐ நிறுவனத்தோடு ஒன்பது ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். கேபிட்டல் அந்த ஈஎம்ஐயின் அமெரிக்கக் கிளை. குழு இடையிலேயே கலைந்தாலும் ஒப்பந்தம் கலையவில்லை. நால்வரும் தனித்தனியாகச் செய்ததும் அதற்குள்தான் வந்தது. 1976 ஜனவரி 26 அன்று அது முடிந்தது. கலைஞர் அன்று விடுதலை பெற்றார். டேப்புகள் பெறவில்லை. ஒலிப்பதிவின் மூல நாடா, தொழிலில் மாஸ்டர் டேப் என்பார்களே, அது செலவு செய்த நிறுவனத்தின் சொத்தாகவே கிடந்தது. ஒப்பந்தம் நடப்பில் இருந்தவரை பாடல்களைக் கலைத்து அடுக்குவதற்குக் குழுவின் சம்மதம் வேண்டும். முடிந்த மறுநாள் முதல் எந்தப் பாட்டை எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் வைப்பது, என்ன தலைப்பு போடுவது, எந்தப் படத்தை அட்டையில் ஒட்டுவது எல்லாம் நிறுவனத்தின் இஷ்டம். ராயல்டி கலைஞருக்குப் போகும். பேச்சுரிமை போகாது.

நிறுவனம் ஒரு நாளையும் வீணாக்கவில்லை. மார்ச் மாதமே பிரிட்டனில் பீட்டில்ஸ் குழுவின் பழைய சிங்கிள்கள் மொத்தமாக மறுபடி கடைக்கு வந்தன. அவற்றோடு அதுவரை அங்கே சிங்கிளாக வராத 'யெஸ்டர்டே'யும் சேர்ந்து வந்து, முதல் பத்து இடங்களுக்குள் ஏறியது. ஜூனில் 'ராக் அண்ட் ரோல் மியூசிக்' என்று இரட்டை எல்பி. அட்டையில் கோகோ கோலா, ஜூக்பாக்ஸ், பழைய ஷெவர்லே கார் என்று 1950களின் அமெரிக்கா. 1960களில் லிவர்பூலிலிருந்து வந்த பையன்களுக்கும் அந்தப் படங்களுக்கும் என்ன சம்பந்தம்? ரிங்கோ எரிச்சலைக் காட்டினார். லென்னன் தானே அட்டை வரைந்து தருகிறேன் என்று சொல்லியும் நடக்கவில்லை. ஹாரிசன் தொகுப்பு அந்த வரிசையில் அடுத்ததாக வந்தது.

கேபிட்டலின் பக்கத்திலிருந்தும் ஒரு முறை யோசித்துப் பார்க்கலாம். இரண்டாம் பக்கத்தில் அவர்கள் எடுத்த ஆறு பாடல்களைப் பாருங்கள்: 'மை ஸ்வீட் லார்ட்', 'கிவ் மீ லவ்', 'யூ', 'பங்களா தேஷ்', 'டார்க் ஹார்ஸ்', 'வாட் இஸ் லைஃப்'. ஆறும் சிங்கிளாக வந்து அமெரிக்கப் பட்டியலில் முதல் 25 இடங்களுக்குள் நின்றவை. தேர்ந்தெடுத்தவர் காதை வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை, விற்பனைப் பட்டியலை வைத்து எடுத்திருக்கிறார். அந்தக் கணக்கில் ஹிட் ஆன பாடல்கள் ஒரு பக்கத்துக்குத்தான் வரும். மறுபக்கத்துக்கு பீட்டில்ஸ் அலமாரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஆனால் ஹாரிசன் சிங்கிள்களின் ஆள் இல்லை என்பதுதான் என் கட்சி. 'பிவேர் ஆஃப் டார்க்னஸ்' எங்கே? 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' என்ற அந்தத் தலைப்புப் பாடல் எங்கே? குழுவில் இருந்தபோது அதை லென்னனுக்கும் மெக்கார்ட்னிக்கும் வாசித்துக் காட்டி, எடுபடாமல் திரும்பிய பாட்டு அது. அந்த ஒரு பாட்டுக்காகவே முதல் பக்கத்தில் இரண்டு பாட்டைத் தூக்கியிருக்கலாம். நிலையாமை பற்றி 25 வயதுக்காரர் எழுதியது. அவருடைய ஆளுமையின் நடு நரம்பே அதுதான். அது இல்லாத 'சிறந்தவை' அவரைப் பாதியாகத்தான் காட்டும்.

அந்த ஆறில் ஒன்றுக்காக நிறுவனத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். 'பங்களா தேஷ்' 1971இல் சிங்கிளாக மட்டுமே வந்த பாட்டு. ஸ்டுடியோவில் பதிவான அதன் வடிவம் ஓர் எல்பியில் ஏறியது இந்தத் தொகுப்பில்தான் முதல் தடவை. அந்தப் பாட்டைத் தொட்டால் கேபிட்டலின் தலைமை நாற்காலியில் அப்போது உட்கார்ந்திருந்த மனிதரைத் தொடாமல் போக முடியாது.

பாஸ்கர் மேனன். 1934இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு ஈஎம்ஐயில் சேர்ந்து, இந்தியாவில் எச்எம்வி என்று நமக்குத் தெரிந்த கிராமபோன் கம்பெனியை நடத்தி, 1971இல் கேபிட்டலின் தலைவராக லாஸ் ஏஞ்சல்ஸ் போனவர். பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' அமெரிக்காவில் அப்படி விற்றதற்குப் பின்னால் நின்ற நிர்வாகி.

1968 ஜனவரியில் 'வொண்டர்வால்' என்ற படத்துக்கு இசையமைக்க ஹாரிசன் பம்பாய் வந்தார். எச்எம்வி ஸ்டுடியோவில் ஷிவ்குமார் ஷர்மாவும் ஹரிபிரசாத் சௌராசியாவும் அவருக்காக வாசித்தார்கள். அங்கே இருந்தது மோனோ பதிவு வசதிதான். ஸ்டீரியோவில் பதிய இரண்டு தடம் கொண்ட ரெக்கார்டர் வேண்டும். அது கல்கத்தாவில் இருந்தது. மேனன் அந்தக் கனத்த இயந்திரத்தை ரயிலேற்றி, இந்தியாவைக் குறுக்கே கடந்து, பம்பாய்க்குத் தானே கொண்டுவந்து சேர்த்தார் என்று சொல்லப்படுகிறது. 'தி இன்னர் லைட்' பாட்டின் வாத்தியப் பகுதியும் அந்த நாட்களில்தான் பதிவானது.

மூன்றரை ஆண்டு கழித்து, 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஹாரிசனும் ரவிசங்கரும் கிழக்கு வங்க அகதிகளுக்காக நிதிக் கச்சேரி நடத்தினார்கள். ஒரே நாளில் இரண்டு காட்சி, சுமார் 40,000 பேர். அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவை வெளியிடுவதில் செலவுக் கணக்கு பேசி கேபிட்டல் தாமதம் செய்தது. ஹாரிசன் பொறுக்கவில்லை. டிக் கேவட் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உட்கார்ந்து, மேனனின் பெயரைச் சொல்லியே, வேறு கம்பெனியில் போடுகிறேன், வழக்குப் போடட்டும் என்று சவால் விட்டார். கேபிட்டல் இறங்கி வந்தது. அந்த டிசம்பரிலேயே ஆல்பம் வெளியானது.

அன்று நிறுவனம் ஏன் இறங்கியது? பொதுமக்கள் அவர் பக்கம் நின்றார்கள் என்பது ஒரு காரணம். அவர் இன்னும் அவர்களுடைய கலைஞர், அடுத்த ஆல்பம் அவர்களுக்குத்தான் வர வேண்டும் என்பது இன்னொரு காரணம். 1976இல் அந்த இரண்டாவது பிடி அவர் கையில் இல்லை. கலைஞருக்கு நிறுவனத்தின் மேல் இருக்கும் ஒரே செல்வாக்கு இனிமேல் அவர் செய்யப்போவதுதான். ஏற்கெனவே செய்து கொடுத்ததை வைத்து அவரால் எதையும் பேரம் பேச முடியாது.

அந்த ஆண்டு அவருக்கு எல்லாப் பக்கமும் அடி. ஆகஸ்ட் கடைசியில் 'மை ஸ்வீட் லார்ட்' வழக்கில் தீர்ப்பு வந்தது. த ஷிஃபான்ஸ் என்ற பெண்கள் குழு 1963இல் பாடிய 'ஹீஸ் ஸோ ஃபைன்' மெட்டை ஆழ்மனத்தில் தங்கியிருந்ததால் தன்னையறியாமல் எடுத்துவிட்டார் என்றார் நீதிபதி ரிச்சர்ட் ஓவன். டார்க் ஹார்ஸின் அப்போதைய விற்பனைப் பங்காளி ஏ அண்ட் எம், நோயால் ஆல்பம் தாமதமானதைக் காட்டி ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. அதன் பிறகுதான் அவர் வார்னருக்கு மாறினார். இத்தனைக்கும் நடுவில் பழைய வீட்டிலிருந்து இந்த எல்பி.

அவர் பீட்டில்ஸ் பாடல்களை வெறுத்தாரா என்றால், அதுவும் இல்லை. இதே சர்ச்சையின் உச்சத்தில், 1976 நவம்பர் 20 அன்று, 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் பால் சைமனோடு பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவர் பாடியது 'ஹியர் கம்ஸ் த சன்'. இரண்டு அக்கூஸ்டிக் கிட்டார், இரண்டு குரல், வேறெதுவும் இல்லை. கேபிட்டல் தொகுப்பில் மூன்றாவதாக இருக்கும் அதே பாட்டு. தானாக எடுத்துப் பாடும்போது அவர் முகத்தில் எந்தக் கசப்பும் தெரியவில்லை.

வற்புறுத்தலின் பேரில் பாடியபோது என்ன நடந்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1974 நவம்பர் 2 முதல் டிசம்பர் 20 வரை அவர் வட அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போனார். ரவிசங்கரின் குழுவும் கூடவே போனது. அதில் மிருதங்கம் டி.வி. கோபாலகிருஷ்ணன், வயலின் எல். சுப்ரமணியம், பாட்டு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த லட்சுமி சங்கர். ராக் கேட்க வந்து நிறைந்த அரங்கங்களில், சென்னை சபாக்கள் நன்கறிந்த மிருதங்கம் ஒலித்தது. ஹாரிசன் அந்தப் பயணத்தில் பழைய பாடல்களைத் தொட மனமில்லாமல் இருந்தார். கூட்டம் எதிர்பார்க்கிறது என்று மற்றவர்கள் சொல்ல, ரவிசங்கரும் சொல்ல, சிலவற்றைச் சேர்த்தார். ஆனால் வரிகளை மாற்றிப் பாடினார். அழ வேண்டிய கிட்டாரைச் சிரிக்க வைத்தார். தொண்டையும் கட்டியிருந்தது. பத்திரிகைகள் பிடிபிடியென்று பிடித்தன. எல்லோரும் பீட்டில் ஒருவரைப் பார்க்க வந்தார்கள், அவர் ஜார்ஜ் ஹாரிசனாக வந்து நின்றார். கேபிட்டலின் முதல் பக்கம் அந்தக் கூட்டத்துக்காக அடுக்கப்பட்ட பக்கம்.

விற்பனை என்ன ஆனது? தொகுப்பு அமெரிக்காவில் 31ஆவது இடம்வரை ஏறியது. பிரிட்டனில் பட்டியலுக்குள் வரவே இல்லை. அவருடைய புதிய ஆல்பமோ அமெரிக்காவில் 11ஆவது இடத்தைத் தொட்டது. அந்த நவம்பரில் கேட்பவர்கள் புதிய ஹாரிசனைத்தான் அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் தொகுப்புக்கு ஆயுள் கெட்டி. அமெரிக்காவில் தங்கத் தட்டுச் சான்று பெற்றது, பிறகு சிடியாகவும் வந்து அலமாரியை விட்டு அகலாமல் நின்றது. பின்னாளில் ஹாரிசனைத் தேடி வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு முதல் அறிமுகம், அவர் கை வைக்காத அந்தப் பட்டியல்தான். நிறுவனம் இதழாசிரியரின் வேலையைச் செய்துவிடுகிறது. வருத்தம் தரும் விஷயம், அதற்குக் கீழே ஆசிரியர் பெயர் இருப்பதில்லை. கலைஞரின் பெயர்தான் இருக்கிறது.

இந்தக் கதை அவரோடு முடியவில்லை. 2008 ஜூனில் இதே ஈஎம்ஐ, தன் பார்லோஃபோன் முத்திரையில், தன்னை விட்டுப் போன ரேடியோஹெட் குழுவுக்கு ஒரு 'பெஸ்ட் ஆஃப்' போட்டது. குழு ஒதுங்கியே நின்றது. அதற்கு எட்டு மாதம் முன்புதான் அவர்கள் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தை, விலையைக் கேட்பவரே வைத்துக்கொள்ளலாம் என்று தாங்களாகவே வெளியிட்டிருந்தார்கள். முன்னாள் நிறுவனம், புதிய ஆல்பம், நடுவில் ஒரு தொகுப்பு. முப்பத்திரண்டு ஆண்டில் எதுவும் மாறவில்லை. ஒலிப்பதிவு யாருடைய சொத்து என்பது வேறு, ஒரு மனிதனின் வாழ்நாள் வேலையில் எது சிறந்தது என்று அவன் பெயரால் அறிவிப்பது வேறு. முதலாவதற்குப் பணம் போட்டவர் உரிமை கொண்டாடட்டும். இரண்டாவதற்கு உயிரோடு இருக்கும் கலைஞரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டும்.

ஹாரிசன் தன் பதிலை 1989இல் கொடுத்தார். 'பெஸ்ட் ஆஃப் டார்க் ஹார்ஸ் 1976-1989'. தன் நிறுவனத்தில் செய்த பாடல்களிலிருந்து மட்டும் எடுத்து, அதற்கென்றே புதிதாகவும் பாடி, கேபிட்டல் கதவை மூடிய இடத்திலிருந்து தொடங்கிய தொகுப்பு. ஆனால் 1976க்கு முந்தைய ஹாரிசன் அதில் இல்லை. அந்த டேப்புகள் அவரிடம் இல்லை.

இரண்டு பாதியும் ஒன்றாகச் சேர அவர் இறந்து ஏழரை ஆண்டு ஆனது. 2009 ஜூனில் 'லெட் இட் ரோல்' வந்தது. பழைய நிறுவனத்தின் பாடல்களும் டார்க் ஹார்ஸ் பாடல்களும் கலந்து 19. தேர்வில் மனைவி ஒலிவியா ஹாரிசன் பங்கெடுத்தார். வெளியிட்டது கேபிட்டலேதான். 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' அதில் இருக்கிறது. 'சம்திங்', 'ஹியர் கம்ஸ் த சன்', 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' மூன்றும் இருக்கின்றன. ஆனால் பீட்டில்ஸ் பதிவுகளை எடுக்கவில்லை. மூன்றுமே 1971 ஆகஸ்ட் 1 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர் சொந்தப் பெயரில் மேடையேறிப் பாடியவை. முதல் முறையாக ஹாரிசனைக் கேட்க நினைப்பவருக்கு 1976 தொகுப்பை நான் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன். 'ஹியர் கம்ஸ் த சன்' பாட்டிலிருந்து தொடங்குங்கள். அன்று அவர் பக்கத்தில் பேட்ஃபிங்கர் குழுவின் பீட் ஹாம் மட்டும் அக்கூஸ்டிக் கிட்டாருடன் நின்றார். முதல் சில சுரங்களிலேயே பாட்டை அடையாளம் கண்டு அரங்கம் எழுப்பும் சத்தம் அந்தப் பதிவிலேயே கேட்கும்.